சட்டம் கேளுங்கள்: பிடுங்கிய அத்துக்கல்

கேள்வி: எங்கள் காட்டு மூலையில் இருந்த சர்வே கல் பக்கத்துக் காட்டு உழவில் பெயர்ந்து கிடக்கிறது. குழி தெரிகிறது. நாங்களே நட்டுவிடலாமா? அவர் மீது புகார் கொடுக்க முடியுமா? (திருப்பூர் மாவட்ட வாசகர்)

பதில்: நடாதீர்கள். குழி அப்படியே இருந்தாலும் நீங்கள் நட்டது நீங்கள் நட்ட கல்தான். நாளை "இவரே நகர்த்தினார்" என்று உங்கள் மீதே திரும்பும். குழியையும் கல்லையும் படம் எடுத்து, விஏஓவிடம் எழுத்தில் தெரிவித்து, அத்து (எல்லை) காட்டித் தர நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் புலப்படத்தில் (நிலத்தின் சர்வே வரைபடம்) உள்ள அளவுகளை வைத்து இடத்தைக் குறிப்பார். மற்ற மூலைக் கற்களைச் சுற்றியுள்ள புதரை முன்பே வெட்டி வையுங்கள். ஒரே கல்லிலிருந்தோ வேலியிலிருந்தோ அளந்தால், அது நகர்ந்திருந்தால் பிழை அப்படியே தொடரும். இரண்டு மூன்று பழைய கற்களிலிருந்து அளந்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் அளவையே தகராறாகும்.

அரசு அதிகாரத்தில் நட்ட எல்லைக்கல்லை அழிப்பதும் நகர்த்துவதும் குற்றம். முன்பு இ.பி.கோ. 434ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 326ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். ஆனால் வேண்டுமென்றோ, சேதம் வரும் என்று தெரிந்தோ செய்திருக்க வேண்டும். கலப்பை தவறுதலாகத் தட்டியது அதில் சேராது. தனியார் அளவர் நட்ட கல்லுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது.

இன்னொன்று: 1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி கற்களைப் பராமரிக்கும் கடமை பட்டாதாரருக்கே. உங்களுக்கும்தான்.