லேப்டாப்பில் ராம் போட்டால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: திண்டுக்கல்லில் ஒரு கடையில் ரூ.58,000 கொடுத்துப் புது லேப்டாப் வாங்கினேன். காலியாக இருந்த ஸ்லாட்டில் நானே 8 ஜி.பி. ராம் (மெமரி) வாங்கிப் போட்டேன். நான்கு மாதம் நன்றாக ஓடியது. இப்போது திரையில் கோடு கோடாக வருகிறது. சர்வீஸ் சென்டரில், "ஸ்க்ரூ மேல் இருந்த ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, வாரண்டி கிடையாது, திரை மாற்ற ரூ.14,000 ஆகும்" என்கிறார்கள். விற்ற கடைக்காரர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளில் காலி ஸ்லாட்டை நிரப்பியதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. நீங்கள் போட்ட ராமுக்கோ, அதைப் போடும்போது கெட்டுப்போன பாகத்துக்கோ கம்பெனி பொறுப்பேற்க வேண்டியதில்லை, அது நியாயம்தான். ஆனால் உங்கள் வழக்கு அதுவல்ல. திரை பழுதானதற்கு ராம் போட்டது காரணமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் ஸ்டிக்கரைக் காட்டி அனுப்புவதை ஏற்கக் கூடாது.

முதலில் வாரண்டி வாசகத்தை எடுத்துப் படியுங்கள். 'வாடிக்கையாளர் செய்த மாற்றத்தால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி இல்லை' என்று இருந்தால், மாற்றத்தால்தான் சேதம் என்று அவர்கள் காட்டியாக வேண்டும். 'பிரித்தாலே வாரண்டி ரத்து' என்று இருந்தால் கொஞ்சம் கடினம், ஆனாலும் வழி அடைபடவில்லை. அப்புறம், உங்கள் மாடலின் பயனர் கையேட்டைக் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். மெமரியை எப்படி மாற்றுவது என்று படம் போட்டே சில கம்பெனிகள் விளக்கியிருக்கும். உங்கள் கையேட்டிலும் அப்படி ஒரு பக்கம் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்த மாதிரி.

இத்தகைய ஸ்டிக்கர்கள் செல்லாது என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அது 1975-ஆம் ஆண்டின் அமெரிக்க வாரண்டிச் சட்டத்தை வைத்துச் சொல்வது. 2018-இல் அங்கே ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே போனது. நம் ஊரில் அந்தச் சட்டம் செல்லாது, கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீஸில் அதை எழுதிவிடாதீர்கள். நமக்குக் கை கொடுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பழுதின் காரணத்தைச் சோதிக்காமலே வாரண்டியை மறுப்பதைப் பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு என்று வாதிடலாம்.

சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் (பழுது விவரம் எழுதிய தாள்) கேட்டு வாங்குங்கள். அதில் பெரும்பாலும் 'சி.ஐ.டி.' என்று மூன்றெழுத்தில் முடித்திருப்பார்கள்: வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம் என்று அர்த்தம். எந்தப் பாகத்தில், என்ன சேதம், அது திரையை எப்படிப் பாதித்தது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். மூடியைத் திறந்தபோது திரைக்குப் போகும் கேபிள் நசுங்கியிருக்கும் என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் நசுங்கிய இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், நான்கு மாதம் திரை ஒழுங்காக ஓடியதையும் குறிப்பிடுங்கள். ராமைக் கழற்றி ஒளித்துவைத்து, நான் திறக்கவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு பொய் உங்கள் நல்ல வழக்கைக் கெடுத்துவிடும். ராம் வாங்கிய பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

அவசரம் என்று ரூ.14,000 கட்டித் திரையை மாற்றிவிடாதீர்கள், பழைய திரைதான் உங்கள் சாட்சி. மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுதிக்கொடுத்து, பழைய திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கம்பெனி, சர்வீஸ் சென்டர், கடை மூவருக்கும் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் வாங்கிய கடைக்காரரை விட்டுவிட வேண்டாம். 1915 உதவி எண்ணிலும் புகார் பதியலாம், சில நேரம் அதிலேயே கம்பெனி இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை ரூ.5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பழுதைக் கண்டறியச் சோதனை தேவை என்று ஆணையம் நினைத்தால் பிரிவு 38-இன்படி ஆய்வகத்துக்கு அனுப்பும், அதற்கான செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம்.

'பிரித்தாலே ரத்து' என்ற நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கக் கேட்டால், அது மாநில ஆணையத்துக்குப் போகும். ஒரு திரைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். சேவைக் குறைபாடு என்று மட்டும் கோரி, இலவசமாகச் சரிசெய்து தரவும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள். மனு போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனாலும் வாரண்டி காலம் முடிவதற்குள் நோட்டீஸ் போய்ச் சேரட்டும்.