சின்ன வலி பெரிய வலியிலிருந்து காக்குமா?
74 வயது அப்பாவுக்கு நடந்தால் நெஞ்சு இறுக்கம், நின்றால் விட்டுவிடுகிறது. "சின்ன வலி இதயத்தைப் பழக்கிவிடும்" என்று டாக்டரிடம் வர மறுக்கிறார் என எழுதியிருந்தீர்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. 1986இல் நாய்களின் இதயத் தமனியை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். அப்புறம் 40 நிமிடம் அடைத்தபோது, முன்கூட்டி இப்படி அடைக்காத நாய்களோடு ஒப்பிட்டால், செத்துப்போன தசை கால்வாசியாகக் குறைந்திருந்தது. ஆனால் வயது ஏற ஏற இந்தக் காப்பு மங்குகிறது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, சின்ன அடைப்பு தரும் எச்சரிக்கைக்கு முன்போல அசைந்து கொடுப்பதில்லை. தொடர்ந்து உடற்பயிற்சி செய்துவந்த முதியவர்களிடம் ஓரளவு மிஞ்சியிருக்கலாம். அதற்காக இப்போது அவரை நடைப்பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். நாளைக்கே இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலித்தாலோ, நின்றும் விடாவிட்டாலோ, உடனே ஆம்புலன்ஸ்தான்.