இரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் நொதிகளை லேபில் எப்படி அளக்கிறார்கள்?

இராமநாதபுரம் பக்கம் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். கல்லீரலுக்குப் பார்க்கும் எஸ்ஜிபிடி போன்றவை எங்கள் மெஷினிலேயே முடிந்துவிடும். நொதி வேலை செய்யச் செய்ய என்ஏடிஎச் என்ற பொருள் தீர்ந்துகொண்டே வரும். 340 நானோமீட்டர் ஒளியில் அது குறையும் வேகத்தைப் பார்த்து மெஷின் கணக்குச் சொல்லிவிடும்.

சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்ற நொதி இந்த வித்தைக்குச் சிக்காது. அத்தனை சொற்பம். அதனால் நொதியைத் தேடாமல் அதை வேலை வாங்குகிறார்கள். ரத்த அணுக்களை நீக்கிய திரவமான பிளாஸ்மாவை 37 டிகிரியில் வைத்தால், அதிலேயே இருக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை ரெனின் வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்கும். ஒரே ரெனின் மூலக்கூறு ஓயாமல் வெட்டுவதால் சரக்கு சேர்ந்துவிடும். அதை ரேடியோ இம்யூனோ அஸ்ஸேயிலோ மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலோ அளந்து, ஒரு மில்லிக்கு மணிக்கு இத்தனை நானோகிராம் என்பார்கள். ரொம்பக் குறைவென்றால் 18 மணி நேரம்கூட வேலை செய்ய விடுவதுண்டு.

மெஷின் பக்கம் சரி. நான் மாட்டிக்கொண்டது ஐஸ் பெட்டியில்.

பாம்பன் மீனவர் ஒருவர், முப்பது சொச்சம் வயது. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை, பொட்டாசியமும் கம்மி. ரெனின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இரண்டும் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஊதா மூடி டியூப்பில் ரத்தம் எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கடற்கரைக்காரன் புத்தி, ஐஸில் போட்டால் எதுவும் கெடாது! ரெனின் நார்மல் என்று ரிசல்ட் வந்தது. டாக்டர் நம்பவில்லை.

விஷயம் என்னவென்றால், ரத்தத்தில் ரெனினைவிடப் பல மடங்கு புரோரெனின், அதாவது ரெனினின் வேலை செய்யாத முன்வடிவம், தூங்கிக்கொண்டிருக்கும். முழுதாக உறையாமல் வெறும் ஐஸ் குளிரில் இருந்தால் அது விழித்துக்கொண்டு ரெனின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனைக் கொட்டுகிற நோயில் ரெனின் அடங்கிக் கிடக்க வேண்டும். குளிர் அதைப் பொய்யாக ஏற்றிவிட்டால் நோயே மறைந்துபோகும். அறை வெப்பத்திலேயே டியூப்பை மெஷினில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, உடனே உறைய வைத்திருக்க வேண்டும்.

மறுபடி எடுத்தபோது ரெனின் அடிமட்டத்தில் இருந்தது.

"மீனுக்குப் போட்டா நல்லாருக்கு, ரத்தத்துக்குப் போட்டா ஆகாதா தம்பி?" என்று கேட்டார் அந்த அண்ணன். இப்போதெல்லாம் ரெனின் சீட்டோடு யார் வந்தாலும், டியூப்பை அனுப்புவதில்லை. ஆளையே மதுரைக்குப் பஸ் ஏற்றிவிடுகிறேன்.