நாள் கணக்குல காட்டுக்குள்ள தங்கி வேட்டையாடறவங்க உரிச்ச தோலை அழுகாம எப்படி கொண்டு வர்றாங்க? உப்பு போட்டா மட்டும் போதுமா?

முதல்லயே சொல்லிடறேன், நான் வேட்டைக்காரன் கிடையாது. நம்ம நாட்டுல 1972 வனவிலங்கு சட்டத்துக்கு அப்புறம் காட்டு மிருகத்தை அடிச்சு தோல் உரிச்சா நேரா கேஸுதான், அதனால நீங்க கேக்கறது அலாஸ்கா, நமீபியா மாதிரி லைசென்ஸ் குடுத்து வேட்டைக்கு விடற இடத்தைப் பத்தின்னு எடுத்துக்கறேன். ஆனா எனக்கு தோல் தெரியும். எங்க வீடு சித்தூர் மாவட்டத்துல வி.கோட்டா பக்கம். நைனா சுத்துப்பட்டு கறிக்கடைங்கள்ல ஆட்டுத்தோல் வாங்கி, உப்பு போட்டு, பத்தலப்பல்லி மலை இறங்கி பேர்ணாம்பட்டு மண்டில போடுவாரு. மானோ ஆடோ, தோல் கெடற விதம் ஒண்ணுதான்.

உப்பு போட்டா மட்டும் போதுமான்னா, போதாது. உப்பு எப்போ போட்டீங்க, எதும்மேல போட்டீங்க, அப்புறம் வெளிய வர்ற தண்ணி எங்க போச்சு, இதுலதான் எல்லாமே இருக்கு.

இதை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். 1994ல பக்ரீத் மே மாசம் வந்துச்சு, நல்ல வெயில், தோல் வந்து குவியுது, உப்பு தீந்துபோச்சு. நைனா உப்பு வாங்கிட்டு வர்றேன்னு போனாரு, நான் பெரிய புத்திசாலி மாதிரி நாய் இழுத்துட்டு போயிடக்கூடாதுன்னு மிச்சமிருந்த 11 தோலையும் சுருட்டி பிளாஸ்டிக் உர மூட்டைக்குள்ள திணிச்சு வாயைக் கட்டி வெச்சுட்டேன். நைனா வர ராத்திரி ஆயிடுச்சு. மூட்டையை அவுத்தா உள்ள கைய வெக்க முடியல, அவ்வளவு சூடு. அப்பவும் உப்பு போட்டோம், மறுநாள் மண்டிக்கு எடுத்துட்டு போனோம். அங்க இருந்த பாய் தோலை விரிக்கக்கூட இல்ல, வயித்துப் பக்கத்துல ரெண்டு விரலால ஒரு சிட்டிகை முடியை புடிச்சு லேசா இழுத்தாரு, கொத்தா கையோட வந்துடுச்சு. "இன்னா தம்பி, தோலை வேக வெச்சு எடுத்தாந்துக்கிற"ன்னாரு. 11ம் கழிவுல போச்சு. நைனா திரும்பி வர்ற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல, திட்டியிருந்தாகூட தேவலாம்.

வேட்டைக்குப் போறவங்க தோலை கெடுக்கறதும் பெரும்பாலும் இதே மாதிரிதான். உரிச்ச தோல்ல உடம்புச் சூடு இருக்கும், ஈரம் இருக்கும், சவ்வும் கொழுப்பும் ஒட்டியிருக்கும், அதை அப்படியே சுருட்டி பைக்குள்ள போட்டா பாக்டீரியாவுக்கு நாமளே அடுப்பு பத்தவெச்ச மாதிரி. அதனால உரிச்ச உடனே நிழல்ல விரிச்சு சூடு ஆற விடணும், அப்புறம் கத்தியால சதையும் கொழுப்பும் சுரண்டணும். கொழுப்பு மேல போட்ட உப்பு தோலுக்குள்ள இறங்காது. கரடித் தோல் சீக்கிரம் போயிடும்னு சொல்றதுக்கு இந்தக் கொழுப்புதான் காரணம். தலையோட பதப்படுத்தறதா இருந்தா காதை உள்பக்கமா திருப்பணும், உதடு, மூக்கு, பாதம் இதெல்லாம் ரெண்டா பிளந்து விடணும், உப்பு போய் சேராத இடம்னு பாத்தா இதுங்கதான், முடி முதல்ல கொட்டறதும் இங்கதான்.

உப்பு எவ்வளவுன்னா, எங்க தொழில்ல பச்சைத்தோல் எடைல கிட்டத்தட்ட பாதி, 2 கிலோ தோலுக்கு 1 கிலோ. வேட்டைக்காரங்க எடைக்கு எடைன்னு கணக்கு வெச்சுக்கறாங்க, அது இன்னும் பாதுகாப்பு. ரொம்ப பெரிய கல்லு உப்பு வேண்டாம், கல்லு பட்ட இடத்துல மட்டும் வேலை செய்யும், பொடிச்ச உப்பா இருக்கட்டும். சதைப்பக்கம் மேல இருக்கற மாதிரி விரிச்சு ஓரம் வரைக்கும் கையால தேயுங்க, ஓரத்தை விட்டுட்டு நடுவுல மட்டும் கொட்டறவங்கதான் ஜாஸ்தி. அப்புறம் சரிவான இடத்துல போட்டு தண்ணி வடிய விடணும். ஒரு நாள் கழிச்சு அந்த ஈர உப்பை உதறிட்டு புது உப்பு இன்னொரு தடவை. உதறின உப்பை காசு மிச்சம்னு திரும்ப போடாதீங்க, அதுல உப்புலயே வாழற கிருமி இருக்கும், தோல்ல செவப்பு செவப்பா படரும். (நாங்க உதறின உப்பு, தோல் பதனிடற டேனரில கழுவின உப்பு எல்லாம் பாலாத்துக்கு என்ன பண்ணுச்சுன்னு 1996 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போன பெரிய கதை. காட்டுல ஓடைப் பக்கத்துல உப்பு உதறாதீங்க, அவ்வளவுதான் இங்க சொல்ல முடியும்.)

இப்போ உங்க கேள்வியோட நெஜமான கஷ்டம், அவ்வளவு உப்பை யார் தூக்கறது? முதுகுல எல்லாத்தையும் சுமந்துட்டுப் போறவனுக்கு 10 கிலோ உப்பே பாரம். ராத்திரி நல்லா குளிர்ற ஊரா இருந்து, ரெண்டொரு நாள்ல ஃப்ரீசர் இருக்கற இடத்துக்கு வந்துடுவீங்கன்னா உப்பே போடாம, சூடு ஆறினதும் சுருட்டி கொண்டுவந்து ஃப்ரீசர்ல போடலாம். உப்பும் போட்டு ஃப்ரீசர்லயும் வெக்கறேன்னு கெளம்பாதீங்க, உப்புத்தோல் சரியா உறையாது. ரெண்டுல ஒண்ணு.

உப்பும் இல்ல குளிரும் இல்லன்னா காய வெக்கறது ஒண்ணுதான் வழி. சுத்தமா சுரண்டி, கம்புல இழுத்துக் கட்டி, காத்து வர்ற நிழல்ல. வெயில்ல போட்டா சீக்கிரம் காஞ்ச மாதிரி தெரியும், மேல மட்டும் பலகையாயிட்டு உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு அழுகும், அது டேனரில தண்ணில போட்டப்புறம்தான் தெரியும். பக்கத்துல லேசா புகை மூட்டி வெச்சா ஈ மொய்க்காது. மெல்லிசு தோலுக்கு இது சரிவரும், தடிமனான தோலுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

மூட்டை கட்டறதுக்கு சாக்குதான், பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், ஏன்னு மேல சொல்லிட்டேன். அப்புறம் இன்னொண்ணு, எந்த அளவுக்கு மடிக்கணுமோ அதை முழுசா காயறதுக்கு முன்னாடியே மடிச்சுடுங்க. காஞ்சப்புறம் மடிச்சா அப்பளம் மாதிரி மடிப்புலயே வெடிச்சுடும்.