முட்டையை நிறுத்தியும் டிரைகிளிசரைடு ஏன் இறங்கவில்லை?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு 44 வயது, பட்டர்வொர்த்தில் பேக்டரி பஸ் ஓட்டுகிறார். உயரம் 170 செ.மீ., எடை 71 கிலோ. ஆள் குண்டு இல்லை, தொப்பை மட்டும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்பு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் முட்டை, தேங்காய்ப்பால், ஆட்டிறைச்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், பொரிப்பதும் இல்லை. மதியத்துக்குச் சோறு, ரசம், காய் கட்டிக் கொடுக்கிறேன். வெளியில் காலையில் பசியாற ரெண்டு ரொட்டி சானாய், அப்புறம் நாளைக்கு நாலு கிளாஸ் தே தாரிக், அவ்வளவுதான். இப்போது வந்த ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 5.0, கெட்ட கொலஸ்ட்ரால் எல்டிஎல் 2.7, நல்ல கொலஸ்ட்ரால் எச்டிஎல் 0.8, ரத்தக் கொழுப்பு டிரைகிளிசரைடு 3.3, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை காட்டும் எச்பிஏ1சி 6.0. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எண்ணெயே இல்லாமல் சமைக்கும்போது இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு ஸ்டாட்டினை நிறுத்தலாமா?

பதில்: அம்மா, முதலில் ஸ்டாட்டின் விஷயம், ஏனென்றால் அது அவசரம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. பட்டினியாக இருந்து ரத்தம் கொடுக்கும்போது தெரியும் டிரைகிளிசரைடு, நேற்று சாப்பிட்ட எண்ணெய் அப்படியே மிதப்பது அல்ல, ஈரல் தயாரித்து ரத்தத்தில் அனுப்பிய சரக்கு. அதற்கான மூலப்பொருளில் ஒரு பகுதி தொப்பையில் சேர்ந்த கொழுப்பிலிருந்து கசிந்து வருகிறது, இன்னொரு பகுதியைச் சோறு, மாவு, சீனியிலிருந்து ஈரலே புதிதாகச் செய்துகொள்கிறது. நீங்கள் சட்டியிலிருந்து எண்ணெயை எடுத்துவிட்டீர்கள், ஆனால் ஈரலுக்குப் போகும் சீனி குறையவே இல்லை. வயிறு நிறையட்டும் என்று சோற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை, நிறைய வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழுவினர் 2007-ல் மிக அழகாகக் காட்டினார்கள். ஒல்லியான, நோய் எதுவும் இல்லாத இளைஞர்கள், ஆனால் அவர்களில் ஒரு பகுதியினருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். ரெண்டு தரப்புக்கும் மாவுச்சத்து அதிகமுள்ள ஒரே உணவைக் கொடுத்துவிட்டு, அந்தச் சர்க்கரை உடம்பில் எங்கே போகிறது என்று ஸ்கேன் மூலம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்தவர்களுக்கு அது தசையில் கிளைக்கோஜனாக, அதாவது சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்ந்தது. மற்றவர்களுக்குத் தசையில் சேர்ந்த அளவு ஏறக்குறைய 60 சதவீதம் குறைவு. தசை வாங்காத சர்க்கரை ஈரலுக்குத் திரும்பியது, ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றும் வேகம் ரெண்டு மடங்குக்கு மேல் ஏறியது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு 60 சதவீதம் அதிகம், எச்டிஎல் 20 சதவீதம் குறைவு. உங்கள் கணவரின் ரிப்போர்ட்டும் இதே வடிவம்தான். டிரைகிளிசரைடு ஏறினால் எச்டிஎல் ஏன் இறங்குகிறது என்றால், ஈரல் அனுப்பும் துகள்கள் தங்கள் கொழுப்பில் கொஞ்சத்தை எச்டிஎல் துகளில் ஏற்றிவிட்டு அதிலிருக்கும் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன, அப்படி மாறிப்போன எச்டிஎல் சீக்கிரம் சிதைந்து போய்விடுகிறது.

நம் ஆட்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், இதை நான் வலியுறுத்தியே சொல்கிறேன். அதே குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒல்லியாக இருந்தபோதும் இந்திய வம்சாவளி ஆண்களுக்கு இன்சுலின் எதிர்ப்பும் ஈரல் கொழுப்பும் மற்ற இனத்து ஒல்லியான ஆண்களைவிட அதிகமாக இருந்தன. அதனால் ‘ஆள் குண்டு இல்லை’ என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். தராசைவிட அளவு நாடா நம்பகமானது: தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள், ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. நீங்களும் அளந்துகொள்ளுங்கள்.

எல்டிஎல் 2.7 தானே, பரவாயில்லையே என்று யாராவது சொல்லியிருக்கலாம். பெரும்பாலான ரிப்போர்ட்டில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடை 2.2-ஆல் வகுத்து வரும் எண்ணையும் கழித்துப் போடுகிறார்கள். 5.0-லிருந்து 0.8, 1.5 இரண்டும் போனால் 2.7, கணக்கு சரியாக வருகிறதா? டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டத் தொடங்கும், 4.5-ஐத் தாண்டினால் பயன்படுத்தவே கூடாது. இவருக்கு நான் பார்ப்பது வேறு எண்: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்தால் 4.2. ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லா வகைத் துகள்களும் சுமக்கும் கொலஸ்ட்ரால் இதில் அடக்கம், இது அதிகம். ஸ்டாட்டின் இந்தத் துகள்களைத்தான் குறைக்கிறது. கடையில் கிடைக்கும் மீன் எண்ணெய் மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. காசு இருந்தால் அதற்குப் பதில் சந்தையில் கெம்போங் மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள்.

(தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளில் டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள், நம் மலேசிய ரிப்போர்ட்டில் அது 1.7. அலகுதான் வேறு, அளவு ஒன்றே. இவருடைய 3.3 அந்தக் கணக்கில் 290-ஐ ஒட்டி வரும்.)

சரி, தே தாரிக். கடையில் நின்று கவனித்துப் பாருங்கள், குவளையின் அடியில் டின் பாலை ஊற்றும்போது ஒரு விரல் உயரத்துக்குக் கெட்டியாக, வெள்ளையாகத் தங்கும், சாயம் ஊற்றி இழுத்து நுரை கட்டியதும் அது கண்ணுக்கே தெரியாது. அந்தப் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. ரெண்டு பெரிய கரண்டி போட்டால் ஒரு கிளாஸுக்கு ஏறக்குறைய 20 கிராம், நாலு கிளாஸுக்கு 80 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் மேல் எல்லையே, 2000 கலோரி சாப்பிடுபவருக்கு, சுமார் 50 கிராம், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. சீனியில் பாதி ஃபிரக்டோஸ், அதைப் பெரும்பாலும் ஈரல்தான் கையாள்கிறது, கொழுப்பாக மாற்ற அதற்கு மிகச் சுலபமான சரக்கு அது. 2019 ஜூலை முதல் டின், போத்தல் பானங்களுக்கு நம் நாட்டில் சீனி வரி இருக்கிறது, ஆனால் கடையில் இழுத்துக் கொடுக்கும் தேநீருக்கு வரியும் இல்லை, எத்தனை கிராம் என்று எழுதிய லேபிளும் இல்லை, அதனால்தான் அது ‘அவ்வளவுதான்’ என்ற பட்டியலில் ஒளிந்துகொள்கிறது.

அவரிடம் டீயை நிறுத்தச் சொல்லாதீர்கள், விடிவதற்கு முன் பஸ் எடுப்பவருக்கு அது வேண்டும். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங், இல்லை பால் இல்லாமல் முடியாது என்றால் சீனி போடாமல் இனிப்பில்லாத டின் பால் மட்டும் சேர்த்த தே சி கோசோங் கேட்கட்டும். முதல் ரெண்டு வாரம் நாக்கு ஒத்துழைக்காது, அப்புறம் பழகிவிடும்.

பசியாற ரொட்டி சானாய்க்குப் பதில் தோசையும் கட்டி சாம்பாரும் ஒரு முட்டையும். ஆமாம், முட்டையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், இவருடைய பிரச்சினைக்கு அது காரணம் இல்லை, வயிறு தாங்குவதால் பத்து மணிக்குப் பிஸ்கட் தேட மாட்டார். மதியத் தட்டில் கால் பங்குதான் சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதி காய்: சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு சுக்கு செபாரோ தட்டு இதுதான், நம் சாப்பாட்டுக்கு அருமையாகப் பொருந்துகிறது. தேங்காய்ப்பால் மட்டும் தினமும் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு ஈரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்திழுக்கும் திறனைக் குறைக்கும். வாரத்தில் ஒரு நாள் குழம்பில் கொஞ்சம் இருந்தால் பயமில்லை. காய் தாளிக்க ஒரு கரண்டி எண்ணெய் தாராளமாக விடுங்கள். மது பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், டிரைகிளிசரைடை அது நேரடியாக ஏற்றும்.

உணவைவிட எனக்குக் கவலை தருவது அவருடைய வேலை. 1953-ல் லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் பஸ் ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களுக்கு, மாடி பஸ்ஸில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களைவிட இதய நோய் அதிகம். பிறகு சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தபோது ஓட்டுநர்களின் இடுப்பே பெரிது. உட்கார்ந்தே இருக்கும் தசை சர்க்கரையை வாங்காது. ஆனால் அசைத்தால் அன்றைக்கே மாறும்: 2011-ல் யேல் குழு இன்சுலின் எதிர்ப்பு உள்ள இளைஞர்களை ஒரே ஒரு முறை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்யவைத்துவிட்டு உணவு கொடுத்தபோது, தசையில் சேர்ந்த சர்க்கரை மூன்று மடங்குக்கு மேல் ஆனது, ஈரல் புதிதாகக் கொழுப்பு செய்வது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. எடை ஒரு கிராம்கூட இறங்காமலே!

அதனால் காலை ஆட்களை இறக்கிவிட்டு மாலை ஷிஃப்ட் வரை கிடைக்கும் இடைவெளியில் பஸ்ஸுக்குள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவதற்கு முன், அரை மணி நேரமாவது வேகமாக நடக்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களும் கூடப் போங்கள். உடம்பு பழகியதும் வீட்டில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைச் சேர்க்கலாம், உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும்தான் இருக்கின்றன. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்விலும் வலி விடவில்லை என்றால் உடனே 999-ஐ அழையுங்கள்.

எச்பிஏ1சி 6.0 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை, இன்னும் திரும்ப வழி இருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள், தைராய்டும் சிறுநீரகமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய இரவு சாப்பிட்டு 12 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும், விடியற்காலை டீயும் கூடாது. அவர் காலை ஷிஃப்ட்டுக்குப் போகாத நாளாகப் பார்த்து கிளினிக்கில் தேதி வாங்குங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.