காக்கிக்குள் இருக்கும் உடம்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: தேர்வில் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடித்தவன் நான். இப்போது வயது 39, ஸ்டேஷன் டூட்டி, தொப்பை விழுந்துவிட்டது. மறுபடி ஓட ஆரம்பித்த பத்தே நாளில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது. விட்டுவிடலாமா?
- தலைமைக் காவலர், விழுப்புரம்

பதில்: ஓட்டத்தை நிறுத்துங்கள், பயிற்சியை விடாதீர்கள். சேர்ந்த நாளின் வேகத்தை இன்றைய உடம்பிடம் கேட்பதுதான் சிக்கல். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்காகும். முன்னெலும்பின் உள்விளிம்பில் நீளவாக்கில் வலித்தால் இரண்டு வாரம் நடை மட்டும் போதும், அதுவும் வலிக்காத அளவுக்கு. விரல் வைத்து அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீரென்றாலோ, நடந்தாலே வலித்தாலோ நுண்விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவர் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

வலி போனதும் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டுச் சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று நாள். வலி திரும்பவில்லையென்றால் மட்டும் அடுத்த வாரம் ஓட்டத்தில் கால் நிமிடம் கூட்டுங்கள். டூட்டி ஷூவோடு ஓடவே கூடாது. அதன் அடிப்பாகம் வளையாது, அதிர்ச்சியையும் தாங்காது. இரவு ரோந்து முடிந்த காலையில் ஓட்டத்தைவிடத் தூக்கம் முக்கியம். தூக்கம் கெட்டால் பசி கூடும், இனிப்பு டீயில் கை போகும். தொப்பைக்குச் சோம்பேறித்தனத்தை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமே இல்லை.

இன்னொன்று: இடுப்பை பெல்ட் போடும் இடத்தில் அளக்காதீர்கள். தொப்பை வளர வளர பெல்ட் அதற்குக் கீழே இறங்கிவிடும். அதே ஓட்டையில்தானே மாட்டுகிறேன் என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேட்டுக்கும் நடுவே, மூச்சை விட்டபின் டேப் வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் இதய மருத்துவர் சொல்லாமல் ஓட வேண்டாம்.

கேள்வி: பந்தோபஸ்துக்குப் போகும் என் மகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. கழிப்பறைக்குப் பயந்துதான். அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது.
- ஒரு தாய், மதுரை

பதில்: பயம் நியாயமானது, வழி ஆபத்தானது. தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கினால் கிருமிகள் பெருகும், கல்லும் சேரும். டூட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு டம்ளர் குடித்து, கிளம்பும்போது சிறுநீர் கழித்துவிடட்டும். பிறகு அரை மணிக்கொரு தடவை நாலைந்து வாய். மொத்தமாகக் குடித்தால்தான் சீக்கிரம் முட்டும். டீ, காபி வேண்டாம். வெயிலில் வியர்வை அதிகமானால் இந்த அளவு போதாது. குளிர்க்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் வந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.

முதல்வர் செல்லும் பாதைகளில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் டிஜிபி உத்தரவிட்டார். மற்ற பந்தோபஸ்துகளிலும் இந்த அக்கறை வேண்டும். பணி ஒதுக்கும் அதிகாரி, ஒவ்வொரு பாயிண்டுக்கும் பக்கத்துக் கழிப்பறை எது, மாற்று ஆள் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாண மண்டபமோ பெட்ரோல் பங்க்கோ, முந்தின நாளே பேசிவைக்கலாம்.

கேள்வி: போக்குவரத்துப் பிரிவில் இருக்கிறேன். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைக்கிறது.
- காவலர், கோவை

பதில்: அசையாமல் நின்றால் கெண்டைத் தசை ரத்தத்தை மேலே தள்ளாது. அரை மணிக்கொரு தடவை குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்கள். முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறையைக் காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் மாட்ட வேண்டும். வீங்கிய பின் மாட்டினால் சரியாக அமராது. சர்க்கரை உள்ளவர்கள் பாத நாடித்துடிப்பைச் சோதிக்காமல் போடக் கூடாது. கணுக்கால் தோல் கறுத்தால், ரத்தக்குழாயில் ரத்த ஓட்டம் எப்படி என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். லீவு கிடைக்கும்வரை காத்திருக்காமல் அப்போதே போங்கள்.