மன்னரின் தலையை வாங்கியவர்கள் பேரரசருக்கு ஏன் முடிசூட்டினார்கள்? பிரெஞ்சுப் புரட்சி: கேள்வி பதில்

பல வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். பிரெஞ்சுப் புரட்சி பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை எழுந்து ஒரே கேள்வியைக் கேட்கும்: "1793-இல் ராஜாவைக் கொன்றார்கள், 1804-இல் இன்னொருத்தரைப் பேரரசர் ஆக்கினார்கள். அப்போ நடுவில் நடந்ததெல்லாம் எதற்கு சார்?" இப்போது வந்திருக்கும் கேள்விகளும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகின்றன. வந்த வரிசையை மாற்றி, நடந்த வரிசையில் அடுக்கியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): ராணி மேரி அன்டோனெட்டின் ஆடம்பரம்தான் கஜானாவைக் காலி செய்ததா சார்? "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" என்று சொன்னாராமே?

கேக் கதையை விட்டுவிடுங்கள். அவர் பிரான்சுக்கு மருமகளாக வந்தது 1770-இல். அதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு தன்வரலாற்றில் இதே கதை பெயர் சொல்லாத ஓர் இளவரசியின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

ஆடம்பரம் உண்மைதான். ஆனால் 1788-ஆம் வருடக் கணக்கில் அரண்மனைச் செலவு நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான். ஏறக்குறைய பாதிப் பணம் பழைய கடனை அடைக்கவே போனது. அதெல்லாம் போர்க் கடன். கடைசியாகச் சேர்ந்தது, பிரிட்டனை மட்டம் தட்டுவதற்காக அமெரிக்க விடுதலைப் போருக்கு அள்ளிக் கொடுத்த பணம். வரியைக் கூட்டலாம் என்றால், நிலமும் வருமானமும் வைத்திருந்த பிரபுக்களும் திருச்சபையும் முக்கியமான நேரடி வரிக்கு வெளியே இருந்தார்கள். அவர்களைச் சம்மதிக்க வைக்கத்தான் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் சபையை மன்னர் 1789 மே 5 அன்று வெர்சாயில் கூட்டினார். அதற்கு முன் அது கூடியது 1614-இல்!

இதே நேரத்தில் 1788-இல் ஆலங்கட்டி மழையில் விளைச்சல் போயிற்று. எட்டு, ஒன்பது சூ (அன்றைய சில்லறைக் காசு) விற்ற நாலு பவுண்டு எடை ரொட்டி 1789 பிப்ரவரியில் பாரிஸில் பதினாலரை சூ. கூலிக்காரரின் ஒரு நாள் சம்பளம் இருபது முதல் முப்பது சூ. வீட்டு வாடகை, விறகு, துணி எல்லாவற்றுக்கும் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாஸ்டில் சிறையில் எத்தனை கைதிகள் இருந்தார்கள்?

ஏழு பேர். நான்கு பேர் பத்திர மோசடிக்காரர்கள், இருவர் மனநிலை சரியில்லாதவர்கள், ஒருவர் குடும்பத்தாரே அடைத்து வைக்கச் சொன்ன பிரபு. 1789 ஜூலை 14-இல் பாரிஸ் கூட்டம் பாஸ்டிலைத் தாக்கப் போனது கைதிகளை விடுவிக்க அல்ல. அன்று காலையில்தான் இன்வாலிட் மாளிகையிலிருந்து துப்பாக்கிகளை அள்ளியிருந்தார்கள். மருந்து இல்லாத துப்பாக்கியை வைத்து என்ன செய்வது? வெடிமருந்து பாஸ்டிலில் இருந்தது. அதற்காகப் போனார்கள்.

கேள்வி (விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்று எழுதியிருக்கிறார்): எல்லாரும் பாரிஸைப் பற்றியே பேசுகிறார்கள் ஐயா. கிராமத்தில் என்ன நடந்தது?

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி. என்னைக் கேட்டால் புரட்சியின் சாவியே இங்கேதான் இருக்கிறது.

1789 கோடையில் குடியானவர்கள் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் நுழைந்தார்கள். பல ஊர்களில் அவர்கள் தேடியது தங்கத்தை அல்ல, கணக்கேடுகளை. யார் எவ்வளவு தானியம் அளக்க வேண்டும், யார் பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த ஏடுகள். அவற்றை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். ஏடு எரிந்தால் கடமையும் எரிந்தது என்று நம்பினார்கள். அந்த நெருப்பின் சூட்டில்தான் ஆகஸ்ட் 4 இரவு, மூன்று வகுப்பாரின் சபையிலிருந்து உருவான தேசிய சபையில் பிரபுக்களே எழுந்து தங்கள் சலுகைகளைத் துறந்தார்கள். மறுவாரம் எழுதிய சட்டத்தில் சில கடமைகளுக்கு ஈட்டுத்தொகை கட்ட வேண்டும் என்று நுழைத்தார்கள். குடியானவர்கள் கட்டவில்லை. கடைசியில் 1793 ஜூலையில் ஒரு காசு ஈடு இல்லாமல் எல்லாம் ரத்து.

அப்புறம் நிலம். 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்து தேசத்துக்கு என்று அறிவித்து, அதை ஏலத்தில் விற்றார்கள். பின்னாளில் நாட்டை விட்டு ஓடிய பிரபுக்களின் நிலமும் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தவர்களில் ஏழைகள் குறைவு. ஊர்ப் பெரிய குடியானவர்களும் நகரத்து வசதியானவர்களுமே அதிகம். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் கையில் ஒரு புதிய பத்திரம் வந்துவிட்டது. பழைய ராஜ்யம் திரும்பினால் அந்தப் பத்திரம் வெறும் காகிதம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நெப்போலியனிடம் வரும்போது தேவைப்படும்.

கேள்வி: பிரிட்டன் போல மன்னரை வைத்துக்கொண்டே மக்களாட்சி நடத்தியிருக்கலாமே?

முதல் மூன்று வருடம் அதைத்தான் செய்ய முயன்றார்கள். 1791 அரசியல் சட்டத்தில் மன்னர் இருக்கிறார். அந்த நம்பிக்கை உடைந்தது ஒரே இரவில்.

1791 ஜூன் 20 இரவு பதினாறாம் லூயி குடும்பத்தோடு மாறுவேடத்தில் பாரிஸை விட்டுக் கிளம்பினார். போக வேண்டியது கிழக்கு எல்லைக் கோட்டை. வண்டியோ பெரியது, கனமானது, மெதுவாகப் போவது. சாந்த்-மெனெஹூல் என்ற ஊரில் அஞ்சல் குதிரை நிலையத்தை நடத்திய துரூவே வண்டிக்குள் இருந்தவரைப் பார்த்தார். காகிதப் பணத்தில் அச்சிட்ட முகத்தோடு ஒப்பிட்டுத்தான் மன்னரைக் கண்டுகொண்டார் என்று சொல்வார்கள். குதிரையில் குறுக்கு வழியாக முன்னால் போய், 'வரேன்' என்ற சிற்றூரில் பாலத்தை மறித்துவிட்டார். பிரான்சின் மன்னர் அந்த இரவை அங்கே ஒரு மளிகைக்காரர் வீட்டு மாடியில் கழித்தார்.

மன்னர் பாரிஸில் விட்டுவந்த கடிதம்தான் இன்னும் பெரிய அடி. இதுவரை ஒப்புக்கொண்டதெல்லாம் வற்புறுத்தலால் என்று தன் கைப்படவே எழுதியிருந்தார். அதன் பிறகு அவர் எதில் கையெழுத்துப் போட்டாலும் யார் நம்புவார்கள்? 1792 ஏப்ரலில் ஆஸ்திரியாவோடு போர் வந்தது. ஆகஸ்ட் 10-இல் மக்கள் மன்னர் இருந்த துயிலரி அரண்மனைக்குள் புகுந்தார்கள். செப்டம்பரில் குடியரசு. 1793 ஜனவரி 21-இல் மன்னரின் தலை விழுந்தது. சபை நடத்திய விசாரணையில் மன்னரின் சொந்த உறவினர் ஓர்லேயான் கோமகனும் மரணத்துக்கே வாக்களித்தார். அந்த வருடம் முடிவதற்குள் அவர் தலையும் போயிற்று.

கேள்வி: கில்லட்டினைக் கண்டுபிடித்தவரே அதில் செத்தாராமே?

இல்லை. மருத்துவர் கில்லத்தான் அந்தத் தலைவெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடிக்கவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி, வலியில்லாத மரண தண்டனை வேண்டும் என்று பேசியவர் அவர். வடிவமைத்தவர் அந்துவான் லூயி என்ற அறுவை மருத்துவர், செய்து கொடுத்தவர் இசைக்கருவி செய்யும் தச்சர். கில்லத்தான் 1814-இல் இயற்கையாக இறந்தார்.

கேள்வி (ஆசிரியை): மனித உரிமைப் பிரகடனம் எழுதிய தலைமுறைதானே பயங்கர ஆட்சியையும் நடத்தியது? மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று ஒரு டீச்சராகத் திணறுகிறேன்.

நானும் திணறியிருக்கிறேன் அம்மா. 1791 மே மாதம் மரண தண்டனையையே ஒழிக்க வேண்டும் என்று சபையில் பேசியவர் யார் தெரியுமா? பின்னாளில் பயங்கர ஆட்சியின் முகமாகவே ஆன ரோபஸ்பியர். போர் வேண்டாம் என்று எச்சரித்தவரும் அவரே. இதைச் சொன்னால் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும்.

1793-இல் நிலைமை என்ன? எல்லைகளில் பல நாட்டுப் படைகள், மேற்கே வாந்தே பகுதியில் உள்நாட்டுப் போர், லியோன், மார்சேய் போன்ற நகரங்களில் கலகம், பாரிஸில் ரொட்டிக்கு வரிசை. அந்தப் பயத்தில்தான் பொதுப் பாதுகாப்புக் குழுவின் கையில் அத்தனை அதிகாரத்தையும் குவித்தார்கள். நாடு முழுக்கத் தீர்ப்பு வழங்கிக் கொன்றது சுமார் 17,000 பேரை. தீர்ப்பே இல்லாமலும் சிறையிலும் மடிந்தவர்கள் தனி.

ஆனால் போரை மட்டும் காரணமாகச் சொல்லிக் கைகழுவ என் மனம் ஒப்பவில்லை. மிகக் கொடிய சட்டம் வந்தது 1794 ஜூன் 10-இல். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது; தீர்ப்பு ஒன்று விடுதலை, இல்லாவிட்டால் மரணம். அதற்குள் போர் பிரான்சுக்குச் சாதகமாகத் திரும்பிவிட்டது. ஜூன் 26-இல் ஃப்ளூரஸ் போரில் வெற்றியே வந்துவிட்டது. ஆபத்து குறையக் குறையத் தலைகள் அதிகம் விழுந்தன. அடுத்தது யார் என்று பயந்த சபை உறுப்பினர்களே ஜூலை 27-இல் ரோபஸ்பியரைக் கவிழ்த்தார்கள். மறுநாள் அவரும் அதே கத்திக்குப் போனார்.

கேள்வி: பெண்களுக்குப் புரட்சி என்ன கொடுத்தது?

கொஞ்சம் கொடுத்தது, அதிகம் பிடுங்கிக்கொண்டது. 1789 அக்டோபரில் மழையில் வெர்சாய் வரை நடந்துபோய் மன்னரைப் பாரிஸுக்குக் கூட்டிவந்தவர்கள் சந்தைப் பெண்கள். 1792-இல் மணவிலக்குச் சட்டம் வந்தது, பெண்களும் கேட்கலாம். ஆனால் வாக்குரிமை கிடையாது. பெண்ணுக்கும் அதே உரிமைகள் உண்டு என்று பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜை 1793 நவம்பரில் கொன்றார்கள். நெப்போலியனின் 1804 உரிமையியல் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுத்திலேயே வைத்தது.

அடிமைகளின் கதையும் இப்படித்தான். 1794-இல் ஒழித்த அடிமைமுறையை 1802-இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். கரீபியனில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த ஹைத்தியின் மக்கள் அதை ஏற்கவில்லை. போரிட்டு வென்று 1804 ஜனவரி 1-இல் சுதந்திர நாடானார்கள்.

கேள்வி: சரி, நெப்போலியன் எப்படி உள்ளே வந்தார்? மக்கள் ஏன் விட்டார்கள்?

ரோபஸ்பியருக்குப் பின் வந்தது ஐந்து இயக்குநர்கள் ஆட்சி. தேர்தலில் மன்னர் கட்சி ஜெயித்தால் ரத்து, தீவிரக் குடியரசுக்காரர்கள் ஜெயித்தால் அதுவும் ரத்து. ஒவ்வொரு முறையும் பட்டாளத்தைக் கூப்பிட்டார்கள். பட்டாளத்தை அடிக்கடி வீட்டுக்குள் அழைத்தால் ஒரு நாள் அது திரும்பிப் போகாது.

1799-இல் சியேஸ் என்ற இயக்குநரே ஆட்சியைக் கவிழ்க்க ஒரு தளபதியைத் தேடினார். முதலில் நினைத்த ஜூபேர் நோவி போரில் இறந்துவிட்டார். எகிப்திலிருந்து தன் படையை விட்டுவிட்டு வந்திறங்கிய நெப்போலியன் கிடைத்தார். நவம்பர் 10 அன்று சேன்-க்ளூ மாளிகையில் சட்டமன்றத்தின் கீழவையான ஐந்நூற்றுவர் சபைக்குள் அவர் நுழைந்தபோது "சட்ட விரோதி!" என்று கூச்சல். உறுப்பினர்கள் சட்டையைப் பிடித்துத் தள்ளினார்கள். நெப்போலியன் முகம் வெளுத்துத் தடுமாறி வெளியே இழுத்து வரப்பட்டார். காரியத்தைக் காப்பாற்றியது அவர் தம்பி லூசியன். அந்தச் சபையின் தலைவரே அவர்தான். வெளியே வந்து, அண்ணன் சுதந்திரத்துக்குக் கேடு செய்தால் நானே இந்த வாளால் குத்துவேன் என்று வீரர்கள் முன் சத்தியம் செய்தார். முரசு ஒலிக்க வீரர்கள் உள்ளே போக, உறுப்பினர்கள் ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் குதித்து ஓடினார்கள்.

பிறகு, நெப்போலியனை ஆட்சித் தலைவராக்கிய புதிய அரசியல் சட்டத்தின் மேல் மக்கள் வாக்கெடுப்பு. ஆதரவு 30 லட்சம், எதிர்ப்பு 1,562 என்று அறிவித்தார்கள். உண்மையான ஆதரவு சுமார் 15 லட்சம்தான். உள்துறை அமைச்சகம் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கியது. உள்துறை அமைச்சர்? அதே லூசியன்.

கேள்வி: ராஜா என்று வைத்துக்கொள்ளாமல் பேரரசர் என்று ஏன்?

ராஜா என்ற சொல் பதினாறாம் லூயியின் பூர்பொன் வம்சத்துக்குச் சொந்தமாகிவிட்டது. மன்னரைக் கொல்ல வாக்களித்தவர்கள் இன்னும் பதவியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே பயம், பூர்பொன்கள் திரும்பக்கூடாது. 1804 மார்ச்சில் நெப்போலியன் அந்த வம்சத்து அங்கியான் கோமகனை அண்டை நாட்டு மண்ணிலிருந்து தூக்கிவந்து சுட்டுக்கொன்றார். அநியாயமான கொலை. ஆனால் இவர் இனி அந்தப் பக்கம் போக முடியாது என்று அவர்களுக்குத் தெளிவாயிற்று. நெப்போலியனைக் கொல்லவும் சதி நடந்துகொண்டிருந்தது. ஆட்சியைப் பரம்பரை ஆக்கிவிட்டால் ஒருவரைக் கொன்று பயனில்லை என்று கணக்குப் போட்டார்கள். சட்டங்களை விவாதிக்கும் திரிபுனா சபையில் வெளிப்படையாக எதிர்த்துப் பேசியவர் லசார் கார்னோ. மன்னரின் மரணத்துக்கு வாக்களித்த அவர் கடைசிவரை குடியரசுக்காரராகவே நின்றார். அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

1804 டிசம்பர் 2 முடிசூட்டு விழா என்றதும் போப்பின் முன்னால் தானே கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது அன்று எடுத்த உறுதிமொழியை. குடியரசின் நிலப்பரப்பைக் காப்பேன், சம உரிமையைக் காப்பேன், தேசியச் சொத்து விற்பனை மாற்ற முடியாதது என்பதை மதிப்பேன் என்று பேரரசர் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஏலத்தில் நிலம் எடுத்த குடியானவரின் பத்திரம் முடிசூட்டு விழாவுக்குள் வந்துவிட்டது! பேச்சுரிமை போயிற்று, பத்திரிகைகள் மூடப்பட்டன, தேர்தல் பெயருக்கு ஆனது. நிலம் மட்டும் நிலைத்தது. அந்த பேரத்துக்குத்தான் மக்கள் தலையாட்டினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

நாணயம் சேகரிக்கும் நண்பர் ஒருவர் 1807-ஆம் வருட ஐந்து ஃபிராங்க் வெள்ளிக்காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். கனமான காசு, 25 கிராம். முன்பக்கம் நெப்போலியன் தலை, "பேரரசர்" என்ற பட்டம். திருப்பினால் மாலை வளையம், சுற்றி "பிரெஞ்சுக் குடியரசு". 1808 வரை அப்படித்தான் அச்சடித்தார்கள்.

கேள்வி (புதுச்சேரியிலிருந்து): இதெல்லாம் நடக்கும்போது எங்கள் ஊர் எப்படி இருந்தது?

பெரும்பாலும் பிரிட்டிஷார் கையில். போர் மூண்டதும் 1793 ஆகஸ்டில் பிடித்துக்கொண்டார்கள், 1816-இல்தான் பிரான்சுக்குத் திரும்பியது. நெப்போலியன் பேரரசராக இருந்த காலத்தில் உங்கள் ஊர் அவர் ஆட்சியில் இல்லை. அந்த உரிமையியல் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது அவர் வீழ்ந்த பிறகு.

கேள்வி: 1814-இல் பதினெட்டாம் லூயி மன்னராக வந்தாரே, அப்போது பழையபடி ஆகிவிட்டதா?

அவர் ஆசை அதுதான். 1814-ஐத் தன் ஆட்சியின் பத்தொன்பதாம் ஆண்டு என்றே எழுதினார், நடுவில் குடியரசும் பேரரசும் இருந்ததே இல்லை என்பதுபோல. ஆனால் அவர் வெளியிட்ட சாசனத்திலேயே, எல்லாச் சொத்துகளும் மீற முடியாதவை, "தேசியச் சொத்து" எனப்படுபவையும் அப்படியே என்று ஒரு விதி இருக்கிறது. ஓடிப்போய்த் திரும்பிய பிரபுக்கள் தங்கள் பழைய வயல்களைக் கேட்டார்கள். 1825-இல் அவர்களுக்கு அரசுப் பணத்திலிருந்து இழப்பீடு கொடுத்தார்கள். வயல், ஏலத்தில் எடுத்தவர் பெயரிலேயே இருந்தது.